தரிசு என்று எழுதியது யார்?

இராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி. நிறுவனத்துக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் 2025 மார்ச்சில் அனுமதி கொடுத்தது. அப்படி ஓர் அனுமதி கொடுக்கப்பட்டதே ஆகஸ்டில்தான் பரவலாகத் தெரியவந்தது. எதிர்ப்பு கிளம்பியது. தமிழ்நாட்டின் எந்தப் பகுதியிலும் ஹைட்ரோகார்பன் திட்டங்களை அனுமதிக்க மாட்டோம், அனுமதியைத் திரும்பப் பெறும்படி ஆணையத்துக்கு அறிவுறுத்தியிருக்கிறோம் என்று அமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார்.

அந்த நாட்களில் தாம்பரம், சேலையூர் பக்கத்துக் கல்லூரித் தோழர்கள் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "நெடுவாசல் சரி, டெல்டா சரி. அங்கே நெல் விளைகிறது. இராமநாதபுரத்தில் என்ன இருக்கிறது தோழர்? சீமைக் கருவேலமும் பொட்டல் காடும்தானே? அங்கே கிணறு தோண்டினால் என்ன கெட்டுவிடும்?" கேட்டவர்கள் ஓ.என்.ஜி.சி.யின் ஆட்கள் இல்லை. அம்பேத்கர் படம் போட்ட டீ சர்ட் அணிந்து போராட்டங்களுக்கு வருகிறவர்கள். அதனால்தான் அந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப் பட்டது. பிடிக்காத அதிகாரியைத் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று மிரட்டுவது நம் அரசியலிலும் சினிமாவிலும் ஊறிப்போன வசனம். அந்தக் காட்டில் லட்சக்கணக்கான மக்கள் குடியிருக்கிறார்கள் என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

"ஒன்றுமில்லாத பூமி" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அதைத் தேடி இராமநாதபுரம் வரை போக வேண்டியதில்லை. நம் தாம்பரத்திலிருந்தே தொடங்கலாம்.

கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு என்று ஒன்று இருக்கும். ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே அந்த நிலம் நன்செய்யா, புன்செய்யா, தரிசா, புறம்போக்கா, அதற்குத் தீர்வை எவ்வளவு என்று எழுதியிருப்பார்கள். தரிசிலும் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று பிரிவு உண்டு. எல்லாமே வரி வசூலுக்காகப் பிறந்த சொற்கள். சர்க்காருக்கு வரி தரும் மண்ணா இல்லையா என்பது மட்டுமே அந்தக் கணக்கின் கேள்வி. அங்கே ஆடு மேய்கிறதா, கோரைப்புல் அறுக்கிறார்களா, விறகு பொறுக்குகிறார்களா, எந்தப் பறவை முட்டையிடுகிறது என்று கேட்க அதில் பத்தியே கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் வரிக்காரன் எழுதிய அந்தச் சொல்லை நாம் இன்றுவரை மண்ணின் குணம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்தத் தரிசைச் சுற்றி நடந்த சண்டை நம் வரலாற்றின் ஓர் அச்சாணி. தொண்டை மண்டலத்தில் மிராசு முறை இருந்தது. ஊரின் நிலம் முழுவதிலும் தங்களுக்குப் பரம்பரைப் பங்கு உண்டு என்று வேளாளரும் பார்ப்பனருமான மிராசுதாரர்கள் சொன்னார்கள். உழுத நிலம் மட்டுமில்லை, உழாமல் கிடக்கும் தரிசும் எங்களுடையதே என்றார்கள். தரிசு நிலத்தைக் கேட்டு சர்க்காருக்கு மனுப் போடுவதற்குத் தர்காஸ்து என்று பெயர். சேரியிலிருந்து ஒருவர் தர்காஸ்து போட்டால், முதல் உரிமை மிராசுதாரருக்கு. அவர் உழப் போவதில்லை, ஆனால் விடவும் மாட்டார். ஏனென்றால் பறையருக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் கிடைத்துவிட்டால் நாளைக் காலையில் இவருடைய வயலில் இறங்க ஆள் இருக்காது. குடியிருந்த குடிசையின் அடிமனைகூட மிராசுதாரர் பெயரில் இருந்தது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

இதை எழுத்தில் பதிந்தவர் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர். செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றி அவர் 1891இல் கொடுத்த அறிக்கை, அரசாங்கம் விரும்பிக் கேட்டு வாங்கிய ஆவணம் இல்லை. வருவாய் வாரியம் அதை வேண்டாவெறுப்பாகத்தான் பார்த்தது. ஆனால் விஷயம் லண்டன் பாராளுமன்றம் வரை போனது. 1892 செப்டம்பர் 30 அன்று வந்த 1010ஆம் எண் அரசாணை, தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஒப்படைக்க வழி செய்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்று நிபந்தனை போட்டார்கள். சென்னை மாகாணம் முழுவதிலும் சுமார் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒப்படைக்கப்பட்டது என்பது தலித் இயக்கங்கள் தொடர்ந்து முன்வைக்கும் கணக்கு.

பஞ்சமி நிலம் பறிபோன கதை உங்களுக்குத் தெரியும். காரணை நிலத்துக்காகப் போராடி 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த ஜான் தாமஸ், ஏழுமலை இருவரின் பெயரையும் ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நான் இங்கே கவனிக்கச் சொல்வது வேறு ஒன்றை. நமக்குக் கிடைத்த நிலம் முழுக்கத் தரிசுப் பத்தியிலிருந்து எடுத்தது. அதாவது ஆள்கிறவர்களின் கணக்கில் பயனில்லை என்று எழுதப்பட்ட மண்தான் தலித்துகளுக்கு என்று ஒதுக்கப்பட்ட மண். அம்பேத்கரும் இதே பத்தியைத்தான் குறிவைத்தார். 1947இல் அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில், சாகுபடி செய்யப்படாத அரசு நிலங்களை ஒரு குடியேற்ற ஆணையத்தின் பொறுப்பில் வைத்து, பட்டியல் சாதியினருக்குத் தனிக் கிராமங்கள் அமைக்க வேண்டும் என்று கேட்டார். அவர் வழியில் தாதாசாகேப் கெய்க்வாட் 1959லும் 1964–65லும் நடத்திய நிலப் போராட்டங்கள் தரிசு நிலத்தை நிலமற்றோருக்குக் கொடு என்றுதான் முழங்கின.

ஆக, தரிசுக்கு நாம் ஒரு பழைய உரிமைதாரர். வெறும் பொட்டல் என்று ஒருவன் சொன்னால், நம் உரிமையையும் சேர்த்துத்தான் அவன் அழிக்கிறான்.

பள்ளிக்கரணைக்கு வருவோம். மாடம்பாக்கம், செம்பாக்கம், சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம் என்று முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் வந்து சேரும் தாழ்ந்த நிலம் அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், கோவளம் முகத்துவாரத்துக்கும் போய்க் கடலில் கலக்கும். ஊர் மக்கள் கழுவெளி என்றார்கள். அதை இங்கிலீஷ்காரன் சதுப்பு என்றான், கணக்குப்பிள்ளை தரிசு என்று எழுதினார். சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த கழுவெளி, இப்போது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது என்பது ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது.

சுருக்கியது யார்? ஆக்கிரமிப்பாளர்கள் என்று சொன்னதும் நம் பொதுப்புத்தியில் ஓலைக்குடிசைதான் தெரியும். பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் நிற்கிறது. காற்றாலை ஆராய்ச்சி மையம் நிற்கிறது. பறக்கும் ரயில் நிலையம் நிற்கிறது. ஐ.டி. காரிடார் அதன் கிழக்கு விளிம்பை விழுங்கியது. பெருங்குடியில் மாநகரக் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்டு மலையானது. அந்தக் குப்பையைக் கிளறிப் பிழைத்தவர்களும், லாரியில் அள்ளிக் கொண்டுவந்து போட்டவர்களும் எந்தச் சாதி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கழுவெளியின் இன்னொரு ஓரத்தில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2000ஆம் ஆண்டையொட்டிக் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அதற்கும் பிறகு பெரும்பாக்கம். நகரத்துக்குள் கூவம், அடையாறு கரைகளில் இருந்த சேரிகளை அப்புறப்படுத்தி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இது வேகம் பிடித்தது. நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று சொல்லி ஆற்றங்கரையிலிருந்து எடுத்தவர்களை, தண்ணீர் தேங்கும் இன்னொரு தாழ்நிலத்தில் குடிவைத்த அதிசயம் இது. மழைக்காலத்தில் அந்தக் குடியிருப்புகளுக்குள் முழங்கால் தண்ணீரில் நடந்தவர்களுக்கு, தரிசு என்ற சொல்லின் பொருளை அகராதியில் தேட வேண்டியிருக்காது.

2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022 ஜூலையில் பள்ளிக்கரணை ராம்சார் பட்டியலில் ஏறியது. பூநாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து போகும் இடத்துக்கு அந்த மரியாதை வேண்டியதுதான், அதற்காகப் பாடுபட்டவர்களுக்கு நன்றி. ஆனால் காகிதத்தில் தரிசு என்று எழுதியதிலிருந்து பாதுகாக்க வேண்டிய இடம் என்று மாற்றி எழுதும்வரை ஆன காலத்தில், நிலத்தின் பெரும்பகுதி போய்விட்டது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், இராமநாதபுரத்தின் பொட்டலும் பள்ளிக்கரணையின் சேறும் அரசுக் கணக்கில் ஒரே குடும்பம். மத்திய அரசு 1985இல் தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் என்று ஒன்றை அமைத்தது. நில வளத் துறையும் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து 2000ஆம் ஆண்டு முதல் இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பை வெளியிட்டு வருகின்றன. அதில் எவையெல்லாம் தரிசு தெரியுமா? நீர் தேங்கிய சதுப்பு நிலம், புதர்க்காடு, உவர்நிலம், ஆற்று மணல், கடற்கரை மணல், பாலைவன மணல், கடைசியாகப் பனி மூடிய மலை! தண்ணீர் இல்லாவிட்டாலும் தரிசு, இருந்தாலும் தரிசு. தார் பாலைவனமும் பள்ளிக்கரணையும் இமயமலையின் பனியும் ஒரே அட்டவணையில்.

இனி எண்ணெய்க்கு வருவோம். ஓ.என்.ஜி.சி. தொடங்கப்பட்டது 1956இல். காவிரிப் படுகையில் பல பத்தாண்டுகள் தேடி, 1980களில் நரிமணத்தில் எண்ணெய் எடுக்க ஆரம்பித்தார்கள். நீண்ட காலம் பெரிய எதிர்ப்பு இல்லை. 2010இல் மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்த பிறகுதான் டெல்டா கொதித்தது. நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30 அன்று இறந்தார். 2015இல் தமிழ்நாடு அரசு மீத்தேன் திட்டத்துக்குத் தடை விதித்தது. 2017 பிப்ரவரியில் நெடுவாசல், அதே ஆண்டு ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவியது, போலீஸ் தடியடி, கைது. 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதும் எடுப்பதும் அந்த மண்டலத்துக்குள் தடை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கிணறுகளுக்கு அது பொருந்தாது என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

இது போராட்டத்தின் வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் எந்த வாதத்தால் வென்றோம் என்று பாருங்கள். டெல்டா நம் நெற்களஞ்சியம், இது பொன் விளையும் பூமி, இங்கே துளை போட்டால் சோறு இல்லை. இந்த வாதம் உண்மைதான். ஆனால் வரிக்கணக்கின் அதே தராசில்தான் இதுவும் நிறுக்கிறது. விளைகிற மண் காக்கப்பட வேண்டும் என்று சொன்ன உடனே, விளையாத மண் காக்கப்பட வேண்டியதில்லை என்ற கதவும் திறந்துகொள்கிறது. தஞ்சாவூரும் திருவாரூரும் நாகப்பட்டினமும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் சட்டத்துக்குள் வந்தன. திருச்சியும் அரியலூரும் கரூரும்கூட வெளியே நின்றன. இராமநாதபுரத்தின் பெயரை யாரும் பேசவே இல்லை.

டெல்டா வாதத்தில் நமக்கு இன்னொரு நெருடலும் உண்டு. அந்தப் பொன் விளையும் பூமியில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கூலி உயர்வு கேட்டதற்காக. வேளாண் மண்டலச் சட்டம் வேளாண்மையைப் பாதுகாக்கிறது. வயலில் நிற்கும் நிலமற்ற தலித் கூலியின் கையில் ஒரு குழி நிலத்தையும் அது கொடுக்கவில்லை. மீத்தேன் எதிர்ப்புக் கூட்டங்களில் சேரிப் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடையில் "விவசாயிகள்" என்று சொன்னபோது அந்தச் சொல்லுக்குள் அவர்கள் இருந்தார்களா என்பதை அங்கே போயிருந்த தோழர்கள்தான் சொல்ல வேண்டும்.

மத்திய அரசு செய்த வேலை தனி. வேளாண் மண்டலச் சட்டத்துக்கு ஒரு மாதம் முன்பு, 2020 ஜனவரியில், எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளைச் சுற்றுச்சூழல் அறிவிக்கையில் பி2 என்ற கீழ்ப்பிரிவுக்கு மாற்றினார்கள். பி2 என்றால் பொது விசாரணை வேண்டாம். இராமநாதபுரத்து மக்கள் அனுமதி வந்த பிறகு செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டது தற்செயல் இல்லை, விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இப்போது அந்தத் தண்ணியில்லாக் காட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். இராமநாதபுரம் சேதுபதிகளின் ஜமீனாக இருந்த நாடு. ரயத்துவாரிக் கணக்கு அங்கே முழுதாக நுழைந்தது 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான். மழை குறைவு, அதனால் விழுந்த மழையைப் பிடித்து வைக்கக் கண்மாய் வெட்டினார்கள். ஒரு கண்மாய் நிறைந்தால் உபரி அடுத்த கண்மாய்க்கு, அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. தரை ஏறக்குறைய சமதளம். சில அடி உயர வித்தியாசத்தில் தண்ணீர் மைல் கணக்கில் நகர்ந்து போகிறது. இந்தக் கண்மாய்களில் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில்தான் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் பறவைகள் சரணாலயங்கள், 2022இல் பள்ளிக்கரணைக்குச் சில வாரங்கள் கழித்து அவையும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த நிலத்தில் கிணறு தோண்டினால் என்ன ஆகும்? எண்ணெய்க் கிணறு நம் ஊர்க் கிணறு மாதிரி இல்லை. பூமிக்குள் இரண்டாயிரம், மூவாயிரம் மீட்டர் துளை. அதற்கு முதலில் சில ஏக்கர் நிலத்தை மேடாக்கிச் சமப்படுத்த வேண்டும். கனரக லாரிகள் வரப் பாதை போட வேண்டும். கண்மாயின் வரத்துக்காலுக்குக் குறுக்கே ஒரு பாதை இரண்டடி உயர்ந்தால் போதும், அதற்குக் கீழே உள்ள கண்மாய்கள் வரிசையாகக் காயும். துளைக்கும்போது களிமண்ணும் பேரைட்டும் ரசாயனங்களும் கலந்த சேற்றை உள்ளே செலுத்துவார்கள், அது பாறைத் தூளோடு வெளியே வந்து குழிகளில் தேங்கும். எண்ணெயோடு ஆழத்திலிருந்து உப்புநீரும் ஏறி வரும், சில இடங்களில் கடல்நீரைவிட உப்பாக. ஏற்கெனவே நிலத்தடி நீர் உவர்த்துக் கிடக்கும் மாவட்டத்தில், மேலே மிதக்கும் மெல்லிய நன்னீரை நம்பி ஊற்றுத் தோண்டி அகப்பையில் மொண்டு குடம் நிரப்பும் பெண்களுக்கு இதன் அர்த்தம் புரியும்.

விபத்து நடக்காது என்பார்கள். 1995 ஜனவரியில் கோதாவரிப் படுகையில் பாசர்லபூடிக் கிணறு வெடித்து இரண்டு மாதத்துக்கு மேல் எரிந்தது. 2020 மே 27 அன்று அசாமில் பாக்ஜான் கிணறு வெடித்தது. பக்கத்தில் திப்ரு-சைகோவா தேசியப் பூங்கா, மகுரி-மோட்டாபுங் சதுப்பு ஏரி. ஜூன் 9 அன்று தீப்பிடித்தது, தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் முகாம்களுக்குப் போனார்கள். முழுவதும் அணைக்க நவம்பர் ஆயிற்று. ஏரியில் மீன் பிடித்துப் பிழைத்தவர்களின் தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம்.

சரி, எரிவாயு எடுத்தால் மாவட்டம் முன்னேறாதா? இராமநாதபுரத்து வழுதூரில் உள்ளூர் எரிவாயுவை வைத்து மின்நிலையம் இயங்கத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 2018இல் நிதி ஆயோக் நாட்டிலேயே பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தபோது தமிழ்நாட்டிலிருந்து இரண்டைச் சேர்த்தது. விருதுநகர் ஒன்று. மற்றது இராமநாதபுரம்.

இந்தியாவின் உண்மையான பாலைவனத்தில் நடந்ததும் இதே கதையின் வேறு அத்தியாயம். ராஜஸ்தானின் பார்மேரில் 2004 ஜனவரியில் மங்களா எண்ணெய் வயலைக் கெய்ர்ன் நிறுவனம் கண்டுபிடித்தது. 2009 ஆகஸ்டில் பிரதமர் மன்மோகன் சிங் உற்பத்தியைத் தொடங்கி வைத்தார். அந்த எண்ணெய் மெழுகு போல உறையக்கூடியது, குஜராத் கடற்கரை வரை குழாயைச் சூடாக்கிக்கொண்டே கொண்டுபோக வேண்டும். தார் பாலைவனத்து ஊர்களில் ஓரண் என்று ஒரு வழக்கம் உண்டு. சாமி பெயரில் மரம் வெட்டாமல் விட்ட மேய்ச்சல் காடு, நம் ஊர்க் கோயில்காடு மாதிரி. வருவாய்க் கணக்கில் பல ஓரண்கள் சர்க்கார் தரிசு. அப்படி எழுதியிருந்த ஒரே காரணத்தால் ஜெய்சல்மேரில் பல ஓரண் நிலங்கள் சூரிய மின்சக்தி, காற்றாலை நிறுவனங்களுக்குப் போயின. கானமயில் என்ற பெரும்பறவை இன்று கடைசியாகத் தாக்குப்பிடிப்பது அந்தப் புல்வெளிகளில்தான். ஊர்க்காரர்கள் நடந்து நடந்து எல்லை காட்டி, மனுப் போட்டு, கடைசியில் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஓரண்களை அளந்து காடாக அடையாளப்படுத்த ராஜஸ்தான் அரசுக்கு உத்தரவிட்டது. பசுமை மின்சாரம் என்றாலும் தரிசுப் பத்தியில்தான் கை வைக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் போய்ச் சூரியன் வந்தால் நம் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடாது.

சூழல் இயக்கத் தோழர்களோடு எனக்குள்ள ஒரு வழக்கையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நிலத்தைக் காப்பது என்றால் மனிதரை வெளியே தள்ளி வேலி போடுவது என்ற ஒரு புரிதல் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சாக்கோ பள்ளத்தாக்கு என்ற பாலை நிலம், பூர்வகுடிகளின் ஆயிரம் ஆண்டுப் பழைய கட்டடங்கள் நிற்கும் இடம். அதைச் சுற்றிப் பத்து மைலுக்கு அரசு நிலத்தில் புதிய எண்ணெய்க் குத்தகை கிடையாது என்று 2023 ஜூனில் உள்துறைச் செயலர் டெப் ஹாலண்ட் இருபது ஆண்டுத் தடை போட்டார். அவரே பூர்வகுடிப் பெண், அந்தப் பதவிக்கு வந்த முதல் பூர்வகுடி. பியூப்ளோ மக்கள் கொண்டாடினார்கள். நவஹோ மக்களில் ஒரு பகுதியினர் சாலையை மறித்து எதிர்த்தார்கள். ஏன்? அவர்களுக்குத் தனித்தனியாக ஒதுக்கப்பட்ட நிலத்துண்டுகள் அந்த வட்டத்துக்குள் இருந்தன. அந்தத் துண்டுகளுக்குத் தடை நேரடியாகப் பொருந்தாது. ஆனால் சுற்றியுள்ள அரசு நிலத்தில் துளை போட முடியாவிட்டால் கம்பெனி இங்கும் வராது, ராயல்டி நின்றுபோகும்.

அந்த ஒதுக்கீட்டின் வரலாறு நமக்குப் பரிச்சயமானது போலிருக்கும். பூர்வகுடிகளின் பொது நிலத்தைத் துண்டுபோட்டு ஆளுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் சட்டம் அமெரிக்காவில் வந்தது 1887இல். நம் பஞ்சமி அரசாணைக்கு ஐந்து ஆண்டு முன்பு. 1934க்குள் பூர்வகுடிகளிடமிருந்த நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெள்ளையர் கைக்குப் போய்விட்டது. மிஞ்சிய வறண்ட துண்டுகளுக்கு அடியில்தான் எண்ணெய். அந்த மக்களைப் பார்த்து, பணத்துக்காக மண்ணை விற்கிறார்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வேறு எந்த வருமானமும் விட்டுவைக்காத நிலத்தில் அவர்களைக் கொண்டுபோய் வைத்தவர்கள் யார் என்பதைத்தான் முதலில் கேட்பேன். சாக்கோவுக்குத் தடை வேண்டும், அதோடு அந்தக் குடும்பங்களின் வருமானத்துக்கு வழியும் வேண்டும்.

இராமநாதபுரத்திலும் நாளை இதே பிளவு வரும். வேலை தருகிறோம், குத்தகைப் பணம் தருகிறோம் என்பார்கள். பட்டா உள்ளவருக்குக் குத்தகை கிடைக்கும். சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பத்துக்கு எதன் பேரில் கிடைக்கும்? கண்மாய் வற்றும்போது மீன் பிடிப்பவர், பனை ஏறுபவர், புறம்போக்கில் ஆடு மேய்ப்பவர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்கள்? 2006 வன உரிமைச் சட்டம்கூட, பழங்குடி அல்லாதவர் என்றால் மூன்று தலைமுறை, 75 ஆண்டு வசித்ததற்குச் சான்று கேட்கிறது. அதுவும் காடு என்று பதியப்பட்ட நிலத்துக்குத்தான்.

அமைச்சரின் அறிவிப்பை நான் வரவேற்கிறேன். ஆனால் அறிவிப்பு சட்டமில்லை. வேளாண் மண்டலச் சட்டம் மாதிரி ஒன்று வறண்ட நிலங்களுக்கும் கண்மாய்ப் பாசனப் பகுதிகளுக்கும் வேண்டும். நெல் எவ்வளவு விளைகிறது என்பதை அதற்கு அளவுகோலாக வைக்கக் கூடாது. ஆய்வுக் கிணறுக்கும் பொது விசாரணை கட்டாயம் என்று பழையபடி மாற்ற வேண்டும். கிராமசபைத் தீர்மானம் போடும்போது காலனிப் பகுதியில் தனியாகக் கூட்டம் நடத்தி, அவர்கள் அந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் தீர்மானத்தில் எழுத வேண்டும்.

கள ஆய்வுக்குப் போகும் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். தாம்பரத்துப் பக்கம் ஒரு கிராமம், இராமநாதபுரத்தில் ஒரு கிராமம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் 'அ' பதிவேட்டு நகல் கேட்டு வாங்குங்கள், தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். தரிசு, புறம்போக்கு என்று எழுதிய புல எண்களை மட்டும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, பக்கத்தில் ஒரு பத்தியை வெறுமனே விட்டு வையுங்கள். பிறகு சேரியில் வயதான பெண்களிடம் உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணாகச் சொல்லி, அங்கே யார் மேய்த்தார்கள், யார் விறகெடுத்தார்கள், யாரைப் புதைத்திருக்கிறார்கள், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டு அந்தப் பத்தியை நிரப்பி எனக்கு அனுப்புங்கள்.